வெள்ளிக்கிழமை வரவேண்டிய இடியப்பத் தட்டுகள்

தம்பி,

உன் பெரியம்மா நேற்று, செவ்வாய்க்கிழமை காலை, கோத்தகிரியில் தன் வீட்டில் இறந்துபோனார். சொன்னது அவருடைய மகள் செல்வி. போனில் அழுதுகொண்டுதான் சொன்னாள், ஆனால் தெளிவாகச் சொன்னாள். பிறகு அவள் வீட்டுக்காரரிடமும் ஒருமுறை கேட்டு உறுதி செய்துகொண்டேன். குடும்பத்து வாட்ஸ்அப் குழுவில் யாரோ ‘ஆஸ்பத்திரியில் காலமானார்’ என்று போட்டிருக்கிறார்கள். அது பிழை. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக ஜீப் வந்து வாசலில் நின்றது, ஏற்றவில்லை. எழுந்து உட்கார்ந்து தேத்தண்ணி கேட்டிருக்கிறார். செல்வி போட்டுக்கொண்டு வருவதற்குள் முடிந்துவிட்டது. இன்று பிற்பகல் அடக்கம் செய்தார்கள். நாங்கள் போகவில்லை. எங்கள் டிக்கெட் இன்னும் மூன்று கிழமைக்குப் பிறகுதான். நீ முதலில் எடுத்துத் தந்த தேதியிலேயே புறப்பட்டிருந்தால் போன கிழமையே அந்த வீட்டில் இருந்திருப்போம். அந்தத் தேத்தண்ணியை உன் அம்மாவே போட்டிருப்பாள்.

வெள்ளிக்கிழமை கத்தாரில் உனக்கு லீவு. வழக்கம்போல அம்மாவை போனில் எடுப்பாய். அதற்கு முன்னால் இதை வாசித்துவிடு. வாயால் சொல்லலாம் என்றுதான் நினைத்தேன். கட்டுகஸ்தோட்டையில் நம்முடைய இந்த வீட்டில் எந்த அறையிலிருந்து பேசினாலும் அவளுக்குக் கேட்கும். வெளியில் போய் நின்று பேச, காலையிலிருந்து மழை விடவில்லை. அதனால்தான் எழுதி உன் போனுக்கு அனுப்புகிறேன். எழுதலாமா என்று அவளைக் கேட்டுக்கொண்டுதான் எழுதுகிறேன்; நான் வாயால் சொல்வதைக் கேட்டுக்கொண்டிருக்கத்தான் அவளால் முடியாது. அவள் சம்மதித்தால் மற்றவர்களுக்கும் வாசிக்கக் கொடுப்பேன். அக்கரையில் ஒரு அக்காவையோ அண்ணனையோ வைத்துக்கொண்டு இக்கரையில் பெட்டி கட்டிக்கொண்டிருக்கிற வீடுகள் நாவலப்பிட்டியிலிருந்து கண்டி வரைக்கும் இன்னும் இருக்கின்றன.

நான் உன்னிடம் கேட்பது ஒன்றுதான். ‘நான் அப்பவே சொன்னேன்ல’ என்ற அந்த ஒரு வசனத்தை மட்டும் அம்மாவிடம் சொல்லிவிடாதே. நீ அப்பவே சொன்னதும், நீ சொன்னது சரியாகப் போனதும் உண்மை. அது அவளுக்குத் தெரியும். நேற்றிலிருந்து அதையேதான் அவள் தனக்குத் தானே சொல்லிக்கொண்டிருக்கிறாள். உன் வாயிலிருந்தும் வந்தால் அவளால் தாங்க முடியாது.

சித்திரையில் நீ லீவில் வந்திருந்தபோது அலுமாரிக்கு மேலே இருந்த அந்த நீலப் பெட்டியை இறக்கித் திறந்தாயே, அன்றைக்கு நடந்ததை நினைத்துப் பார்க்கிறேன். சவர்க்காரம், தைலப் போத்தல், கம்பளிச் சால்வை, குடை, வெந்நீர் பிளாஸ்க், மடிப்புக் கலையாத சீலைகள், செல்வியின் பிள்ளைக்கு எடுத்து அந்தப் பிள்ளை வளர்ந்து அளவு சரிவராமல் போன கவுன் என்று ஒவ்வொன்றாக எடுத்துக் கட்டிலில் போட்டாய்.

“அம்மா, இது பெட்டியா, இல்ல பிலிமத்தலாவையில ஒரு கடையா?”

“கடைன்னா விக்கிறது. இது குடுக்குறது. கைய எடு, மடிப்பு கலையுது.”

“இதுக்கெல்லாம் குடுத்த காசுக்குப் பெரியம்மாவ ரெண்டு தடவ போய்ப் பாத்துட்டு வந்திருக்கலாம்.”

“வெறுங்கைய வீசிக்கிட்டா?”

“ஆமா, வெறுங்கையோடதான். அவங்க ஒன்னத்தான் பாக்கணும், ஒன் சவர்க்காரத்தையா?”

“ஒனக்குத் தெரியாது போடா.”

நான் கதிரையில் உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருந்தேன். உன் பக்கம் சேர்ந்துதான் சிரித்தேன். சாமான் வாங்கினால் சந்தோஷம் கொஞ்ச நாளில் பழசாகிவிடும், ஒரு இடத்துக்குப் போய் ஒருவரோடு இருந்துவிட்டு வந்தால் அது கடைசிவரைக்கும் கூடவே இருக்கும் என்று போனில் எதையோ வாசித்துவிட்டு எங்களுக்குச் சொன்னாய். எனக்கு அது சரியாகத்தான் பட்டது. நீ கத்தாருக்குத் திரும்பிப் போனதும் காசு அனுப்பவில்லை. காசு அனுப்பினால் அம்மா இன்னொரு சீலை எடுப்பாள் என்று, திருச்சிக்கு இரண்டு டிக்கெட் எடுத்து அனுப்பினாய். நல்ல காரியம் செய்தாய். டிக்கெட் வந்த அன்று உன் அம்மா அதை என்னிடம் மூன்று தடவை வாசிக்கச் சொல்லிக் கேட்டாள். இதையும் தெரிந்துகொள்.

ஆனால் பயணம் போனால் போதும், மற்றதெல்லாம் தானாக வந்துவிடும் என்று நீ நினைக்கிற மாதிரி இல்லை. எனக்கு ஒரு அனுபவம் இருக்கிறது. நீ சாதாரண தரப் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்த வருஷம், பத்திரிகைக்காரர்கள் சிலரோடு நான் கோயம்புத்தூருக்குப் போனேன். உன்னை விட்டுவிட்டு அம்மா வரமாட்டேன் என்றாள். ஒரு நாள் கிடைத்தது. பஸ் பிடித்துக் கோத்தகிரிக்கு ஏறிப்போய் உன் பெரியம்மா வீட்டில் பகல் முழுக்க இருந்தேன். இரண்டு அரசாங்கமும் போட்ட ஒப்பந்தத்தில் இந்தியாவுக்குப் போன நம் தோட்டத்து ஆட்கள் அங்கே எப்படி இருக்கிறார்கள் என்று எழுதவேண்டியிருந்தது. கூரை, சம்பளம், தண்ணீர், பள்ளிக்கூடம், காணி உறுதிப் பத்திரம், எல்லாம் கேட்டேன். அப்போது அவருக்குக் காது நன்றாகக் கேட்கும். திரும்பி வந்த அன்று உன் அம்மா அடுப்படியில் பலகை போட்டு உட்கார்ந்துகொண்டு என்னை விசாரித்தாள். அக்காவுக்குத் தலை நரைத்துவிட்டதா? சிரிக்கும்போது இன்னமும் வாயைப் பொத்துதா? சோறு போட்டுக் கொடுத்துவிட்டு எதிரில் உட்கார்ந்ததா, நின்றுகொண்டே இருந்ததா? எனக்குக் கூரையும் சம்பளமும்தான் ஞாபகம் இருந்தது.

“நீங்க ஒரு பேட்டி எடுத்துட்டு வந்திருக்கீங்க. எங்க அக்காவப் பாத்துட்டு வரல” என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. எனக்குச் சோறு போட்டுக்கொண்டே சொன்னாள்.

இனி, உனக்குத் தெரியாத ஒன்றைச் சொல்கிறேன். நீ கத்தாரில் இருந்ததால் பார்க்கவில்லை. பக்கத்திலேயே இருந்த எனக்கும் அது என்னவென்று விளங்கக் காலம் எடுத்தது. பெரியம்மாவுக்குக் காது கொஞ்சம் கொஞ்சமாகப் போய்க் கடைசியில் ஒன்றுமே கேட்காமல் ஆகிவிட்டது. செல்வி ஞாயிற்றுக்கிழமைகளில் வீடியோவில் எடுத்துக் கொடுப்பாள். அவர் பேசுவார், காது கேட்காதவர்கள் பேசுகிற மாதிரி அக்கம்பக்கம் அதிர. இவள் என்ன சொன்னாலும் அவருக்குக் கேட்காது. எழுதிக் காட்டலாமென்றால் அவர் படித்ததில்லை. அதனால் உன் அம்மா காட்டத் தொடங்கினாள். பெட்டியைத் திறந்து ஒரு சாமானை எடுத்து போனுக்கு முன்னால் பிடிப்பாள். அவர் அங்கே தன் வீட்டிலிருந்து எதையாவது தூக்கிக் காட்டுவார். நாவலப்பிட்டியிலிருந்து கொண்டுபோன இரும்புக் கோப்பை, பொத்தல் விழுந்த குடை, ஒருநாள் தன்னுடைய புதுப் பல்செட்டைக் கழற்றியே காட்டினார். இவள் விழுந்து விழுந்து சிரித்தாள். குடையைக் காட்டிய அடுத்த கிழமை இவள் டவுனுக்குப் போய்க் குடை வாங்கி வந்து காட்டினாள். ‘நீ சொன்னது எனக்குக் கேட்டுச்சு’ என்பதை அவளால் அந்த விதமாகத்தான் சொல்ல முடிந்தது.

பெட்டியில் ஒரு கிளிப்பச்சைச் சீலை இருந்தது, நீகூட அதைப் பார்த்து முகத்தைச் சுளித்தாய். முதல்தடவை அதைக் காட்டியபோது பெரியம்மா கத்தினார்: “ஏய் குட்டி, என்னாடி கலர் இது! இந்தக் கிழவியக் கொண்டு போயி மரத்துல ஏத்தி விடப்போறியா?” குட்டி என்பது உன் அம்மாதான், அவளை அப்படிக் கூப்பிட உலகத்தில் அவர் ஒருவர்தான் மிச்சம் இருந்தார். கேலி செய்தாரே தவிர, அதற்குப் பிறகு ஒவ்வொரு ஞாயிறும் போன் முகத்துக்கு வந்ததும் கேட்கிற முதல் கேள்வி, “எங்கடி அந்தக் கிளி? பறந்துருச்சா?” இவள் உடனே பெட்டியிலிருந்து எடுத்துக் காட்டுவாள். நீ அனுப்பிய காசு அலுமாரிக்கு மேலே தூங்குகிறது என்று நீ வருத்தப்பட்டாய். அது தூங்கவில்லை, தம்பி. ஞாயிற்றுக்கிழமைதோறும் அது பேசிக்கொண்டிருந்தது.

இப்போது இடியப்பத் தட்டுக்கு வருகிறேன். உன் கோபமெல்லாம் அதன் மேல்தான். டிக்கெட் வந்த செய்தியை செல்வி சைகையில் சொல்லி விளங்கவைத்த அன்று, பெரியம்மா எழுந்து உள்ளே போய் ஒரு தட்டை எடுத்து வந்து காட்டினார். இங்கேயிருந்து கொண்டுபோனது, பிரம்பில் பின்னியது. ஓரம் பிய்ந்து, நூல் போட்டுக் கட்டி, அதுவும் பிய்ந்து வேறு கலர் நூலால் கட்டியிருந்தது. “இது ஒன்னுதான்டி இருக்கு. நீ வா, ரெண்டு பேரும் இடியப்பம் அவிப்போம். ஒன்னொன்னா அவிச்சா நீ ஊருக்குத் திரும்புற வரைக்கும் அவிச்சுக்கிட்டே இருக்கலாம்” என்றார். அவர் பகிடிக்குத்தான் சொன்னார். உன் அம்மா மறுநாள் கண்டி மார்க்கெட்டில் இருந்தாள். எல்லாக் கடையிலும் பிளாஸ்டிக் தட்டுத்தான் இருந்தது. நான் பிளாஸ்டிக்கே வாங்கு என்றேன். “அக்கா காட்டுனது பிரம்பு” என்றாள். விசாரித்து விசாரித்து, பிலிமத்தலாவையிலிருந்து உள்ளுக்குப் போகிற ஒரு கிராமத்தில் இன்னும் பின்னுகிற ஒரு அம்மாவைக் கண்டுபிடித்தோம். அவருக்கு மணிக்கட்டில் வலி, மழையில் பிரம்பு காயவும் இல்லை. புறப்படும் தேதிக்குள் தரமுடியாது என்று நேர்மையாகச் சொன்னார்.

உன் அம்மா என்னைப் பார்த்தாள். “டிக்கெட்ட ஒரு மாசம் தள்ளிப் போட முடியுமாங்க?” என்று கேட்டாள். நாற்பது வருஷத்துக்கு மேல் பொறுத்தவள் ஒரு மாதம் பொறுப்பதில் என்ன வந்துவிடும் என்று நானும் நினைத்தேன். விமானக் கம்பனியின் கண்டி அலுவலகத்துக்குப் போய்த் தேதியை மாற்றியது நான்தான். நீ போனில், “ஒரு தட்டுக்காக டிக்கெட்ட மாத்துறீங்களா? நீங்க ரெண்டு பேரும் இந்த ஜென்மத்துல போகப்போறதில்ல” என்று சொல்லிவிட்டு வைத்தாய். அந்தக் கோபம் இன்னும் மிச்சமிருந்தால் என் நம்பருக்கு எடு. அம்மாவின் நம்பருக்கு வேண்டாம்.

நேற்றுக் காலை செல்வியின் போன் வந்தபோது அவள் பெட்டியை நிறுத்துக்கொண்டிருந்தாள். பக்கத்து வீட்டிலிருந்து தராசு வாங்கி வைத்து, கொண்டுபோகக்கூடிய நிறைக்குச் சற்றுக் கீழே முள் நின்றதும், “பாருங்க, தட்டுக்கும் இடம் இருக்கு” என்று பெருமையாகச் சொன்னாள். என் கையில் போன் அடித்தது. நான் முன் வாசலுக்குப் போய்க் கேட்டேன், உறுதி செய்துகொண்டேன், திரும்பி வந்தேன். சாவுச் செய்திகளை எழுதியே வயதானவன் நான். இதை எப்படித் தொடங்குவதென்று தெரியவில்லை. “அக்கா போயிருச்சு” என்றேன். “எங்க?” என்று கேட்டாள். உண்மையாகவே விளங்காமல்தான் கேட்டாள். ஞாயிற்றுக்கிழமைதானே பேசினார்கள்.

அன்றைக்கே ஏதாவது ஒரு விமானத்தில் இடம் கிடைக்குமா என்று பார்த்தேன். கிடைத்தாலும் அடக்கத்துக்குப் போய்ச் சேர முடியாது என்று கணக்குப் பார்த்ததில் தெரிந்தது. அவளிடம் சொன்னேன். தலையாட்டினாள். இன்று பிற்பகல் செல்வி வீடியோவில் எடுத்தாள். பந்தல், ஆட்கள், தப்பு மேளச் சத்தம். நீர்மாலை எடுத்து, குளிப்பாட்டி முடிந்து, பிறந்த வீட்டுக் கோடி போடவேண்டிய நேரம். உனக்குத் தெரியுமோ என்னவோ, கல்யாணமாகிப்போன பெண் செத்தால் பிறந்த வீட்டார் ஒரு புதுச்சீலை கொண்டுவந்து போர்த்தவேண்டும். அதைப் போடாமல் எடுக்கமாட்டார்கள். யாரோ பெரியவர் குரல் கொடுத்தார்: “பொறந்த வீட்டுக் கோடி யாருப்பா? யாராச்சும் இருக்கீங்களா?” யாரும் இல்லை. பிறந்த வீடு என்று அவருக்கு மிச்சமிருப்பது கட்டுகஸ்தோட்டையில் ஒரு போனுக்கு முன்னால் உட்கார்ந்திருக்கிற இவள் மட்டும்தான்.

உன் அம்மா எழுந்து போனாள். அந்தக் கிளிப்பச்சைச் சீலையை எடுத்து வந்து, மடிப்பைப் பிரித்து, இரண்டு கையாலும் தூக்கி போனுக்கு முன்னால் பிடித்தாள். பேசி என்ன, அக்காவுக்குத்தான் கேட்காதே. செல்வி சத்தம் போட்டு அழுதாள். “சித்தி, காட்டுங்க. நல்லா காட்டுங்க சித்தி” என்று சொல்லிக்கொண்டே போனைக் கொண்டுபோய்ப் பெரியம்மாவின் முகத்துக்கு முன்னால் பிடித்தாள். எங்கள் பக்கம் திரை முழுக்க அந்த மூடிய கண்கள். உன் அம்மா சீலையைக் கீழே இறக்காமல் நின்றாள். நான் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டேன்.

பெரியப்பா உயிரோடு இருக்கிறாரல்லவா, அதனால் கலர்ச்சீலைதான் போடவேண்டும். செல்வியின் வீட்டுக்காரர் மோட்டார் சைக்கிளில் கடைத்தெருவுக்குப் போனார். அவர் திரும்பும்வரை எடுக்காமல் வைத்திருந்தார்கள். அதே பச்சை கிடைக்கவில்லையாம். கிட்டத்தட்ட அதே மாதிரி ஒன்று கொண்டுவந்தார். “இது எங்க சித்தி சீலை, கண்டியிலேருந்து” என்று எல்லோருக்கும் கேட்கச் சொல்லி, உன் அம்மா பெயரில் செல்வியே போர்த்தினாள். அதற்குப் பிறகுதான் தூக்கினார்கள். போனை வைத்ததும் உன் அம்மா சீலையை மடித்தாள், பழைய மடிப்பிலேயே. “கோடிக்குன்னு தெரியாமலே எடுத்து வச்சிருக்கேன் பாருங்க” என்றாள்.

கொஞ்ச நேரம் கழித்து, கல்யாணமாகி இவ்வளவு காலத்தில் என்னிடம் சொல்லாத ஒன்றைச் சொன்னாள். பெரியம்மா இந்தியாவுக்குப் புறப்பட்ட அன்று நாவலப்பிட்டி ஸ்டேஷனில் அவருக்குத் தெரிந்தவர்களெல்லாம் ஏதாவது கொண்டுவந்து கொடுத்தார்களாம். பிஸ்கட், செருப்பு, சவர்க்காரம். உன் அம்மா அப்போது பாவாடை சட்டை போட்ட பள்ளிக்கூடப் பிள்ளை. கையில் ஒன்றுமில்லாமல் போய் நின்றாள். ரயில் ஜன்னலிலிருந்து அக்கா சிரித்துக்கொண்டே, “என்னாடி குட்டி, வெறுங்கைய வீசிக்கிட்டு வந்திருக்க?” என்று கேட்டிருக்கிறார். அழுகிற தங்கச்சியைச் சிரிக்கவைக்கச் சொன்னது. ரயில் நாவலப்பிட்டியைத் தாண்டுவதற்குள் அக்கா அதை மறந்திருப்பார். தங்கச்சி மறக்கவில்லை. ‘வெறுங்கைய வீசிக்கிட்டா?’ என்று சித்திரையில் அவள் உன்னிடம் கேட்டது உனக்கு எப்படிக் கேட்டது என்று எனக்குத் தெரியும். எனக்கும் அப்படித்தான் கேட்டது. அவள் எதைச் சொன்னாள் என்று இன்றைக்குத்தான் தெரிகிறது.

பொருளா பயணமா, எதற்குச் செலவழித்தால் மனுஷன் சந்தோஷமாக இருப்பான் என்பது உன் கேள்வி. என்னிடம் அதற்குத் தீர்ப்பு இல்லை. நான் பார்த்ததைத்தான் சொல்லமுடியும். அந்தப் பெட்டியைத் திறந்த ஒவ்வொரு தடவையும் உன் அம்மா சந்தோஷமாக இருந்தாள். பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். பெட்டி நிறையட்டும் என்று இருந்து அக்காவின் கையை ஒருதடவைகூடத் தொடாமலே இருந்துவிட்டாள், அதையும் பார்த்துக்கொண்டிருக்கிறேன். ஒன்றை வைத்து மற்றதைச் சரிக்கட்ட முடியாது. நீ டிக்கெட் எடுத்தது சரி. அவள் சீலை எடுத்ததும் சரி. இரண்டும் ஒரே ஆளிடம் போய்ச் சேரத்தான் புறப்பட்டன, அந்த ஆள் இல்லை. நீயும் ஒருநாள் யாருக்கோ பெட்டி கட்டுவாய். கட்டு. பாதிப் பெட்டியோடு போ. அவ்வளவுதான் என்னால் சொல்ல முடிகிறது.

இனி நடக்கவேண்டியவை. பதினாறாம் நாள் காரியத்துக்காவது போய்விடவேண்டும் என்று தேதியை முன்னுக்கு மாற்றக் கேட்டிருக்கிறேன். இடம் இருக்கிறதா இல்லையா என்று நாளை, வியாழக்கிழமை, மதியத்துக்கு முன் சொல்வதாக அந்த அலுவலகத்துப் பிள்ளை சொல்லியிருக்கிறாள். கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் உனக்கு அறிவிக்கிறேன். தட்டுப் பின்னுகிற அம்மா சிங்களத்தில் ‘சிக்குராதா’ என்று சொல்லியிருந்தார், அதாவது வெள்ளிக்கிழமை. சற்று முன்னால் உன் அம்மாவிடம், அவருக்கு போன் பண்ணித் தட்டு வேண்டாம் என்று சொல்லிவிடட்டுமா என்று கேட்டேன். அடுப்பைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்:

“ஏன் வேணாம்னு சொல்றீங்க? காரியத்துக்கு ஆள் வரும்ல. செல்வி ஒத்தத் தட்ட வச்சுக்கிட்டு எத்தனை பேருக்கு அவிப்பா?”

நாங்கள் வெள்ளிக்கிழமை காலை பஸ்ஸில் போய் எடுத்துவருவோம். பகல் சாப்பாட்டுக்குள் வீட்டுக்கு வந்துவிடுவோம். நீ அதற்குப் பிறகு எடு. வீடியோவில் எடு. அவள் தட்டைக் காட்டுவாள். பார்.

அப்பா